சாயம் வேணும்

அத்தியாயம் 9

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தாள் வந்துவிடும். மூன்று வாரமாக அப்படித்தான் வந்தது. இன்று நான்காவது சனிக்கிழமை. மணி பன்னிரண்டே கால். வரவில்லை.

கலைவாணி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தால் பார்க்கத் தோன்றாது என்று நினைத்தாள். தோன்றியது.

எதிரே பதினான்கு பிள்ளைகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில், அச்சகத்துக்கு மேலே இருக்கிற கூடம் அது. கீழே மெஷின் ஓடினால் தரை லேசாக அதிரும். இன்று ஓடவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அவள் இங்கே கூட்டுவாள். பதிமூன்று முதல் பதினேழு வயது வரை. இந்தக் கோடையில் என்ன செய்யப்போகிறாய், அதை ஒரு தாளில் எழுது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லார் முன்னாலும் வாசி. அவ்வளவுதான். ஆறு வருடத்தில் அது ஊருக்குள் ஒரு பேரை வாங்கித் தந்திருந்தது. நீச்சல் கற்ற பிள்ளை உண்டு, திக்குவாய் குறைந்த பிள்ளை உண்டு.

தாளில் நான்கு கட்டங்கள். செய்யப்போவது, செய்தது, மிச்சம் இருப்பது, தேவைப்படுவது.

நான்காவது கட்டத்துக்கு மட்டும் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். முதல் வருடம் பிள்ளைகள் அதில் வீட்டுச் சண்டைகளை எல்லாம் எழுதித் தள்ளினார்கள். அண்ணன் அடிக்கிறான், நைனா குடிக்கிறார், படிக்கவே பிடிக்கவில்லை. அதை எல்லார் முன்னாலும் வாசிக்கவும் முடியவில்லை, வாசிக்காமல் விடவும் முடியவில்லை. அடுத்த வருடம் அவளே அச்சுக்குக் கொடுக்கும்போது கட்டத்தின் கீழே ஒரு வரி சேர்த்தாள். 'பொருளை மட்டும் எழுதவும். குறைகளை எழுத வேண்டாம்.'

அந்த வரியைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு.

அவள் மகள் ஹரிப்ரியா இந்த வருடம் இங்கே இல்லை. பதினாறு வயது. திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டர் விடுதியில், நாற்பது நாள் கோடை வகுப்பில் இருக்கிறாள். சேர்க்கப் போன அன்று கலைவாணி தன் தாளைக் காட்டப்போய், அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். விடுதியில் கைபேசி கூடாது. வாரம் ஒரு தாள். பிள்ளைகள் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வார்டன் பார்த்துவிட்டுப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். வீட்டிலிருந்து ஒரு வரி பதில் போகலாம். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கலாம். அந்த ஞாயிறு நாளைக்கு.

தமிழ்ப் பிள்ளைகளின் அம்மாக்கள் பலருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால், அந்தத் தாள்களைத் தமிழிலேயே, இங்கிலீஷ் எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். சரிபார்ப்பதற்கு ஒரு தமிழ் வார்டன். அரக்கோணத்திலிருந்து போன வருடம்தான் வேலைக்கு வந்த கோவிந்தம்மாள்.

மூன்று தாள்களையும் கலைவாணி அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தாள். ஹரிப்ரியாவின் கோடைத் திட்டத்தில் படிப்பு போக ஒன்றே ஒன்று. ஒரு வெள்ளைத் துப்பட்டாவுக்குத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது. அதனால் முதல் தாளின் நான்காவது கட்டத்தில் 'சாயம் வேணும்' என்று வந்தபோது யாரும் யோசிக்கவில்லை. கலைவாணியின் புருஷன் மணிவேலுக்குச் சொந்த ஊர் நகரி. அங்கே விசைத்தறி வைத்திருக்கும் சிநேகிதன் நாகபூஷணத்திடம் சொல்லி, நான்கு நிறத்தில் வாங்கி, பஸ் பார்சலில் போட்டான்.

இரண்டாம் தாள்: 'சாயம் இன்னும் வரல.'

கலைவாணி விடுதிக்குப் போன் போட்டாள். பார்சல் வந்தது, உங்கள் பெண்ணே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது என்றார் கோவிந்தம்மாள். கலைவாணிக்குச் சுருக்கென்றது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் மகள், வாங்கிய பொருளை வரவில்லை என்று எழுதுகிறாள். பதில் வரியில் எழுதினாள்: 'வாங்கிக்கொண்டு வரவில்லை என்று எழுதாதே. பொய் பழகாதே.'

மூன்றாம் தாள்: 'இனிமே சாயம் வேண்டாம்.'

பிள்ளைக்குக் கோபம், தணிந்துவிடும் என்று அதையும் கோப்பில் வைத்தாள்.

"அம்மா, என் முறை," என்றான் தீனா.

பதினான்கு பேரில் அவள் மகனும் ஒருவன். பதினாலு வயது. ஜூனுக்குள் ஐந்து கிலோ ஏறுவது அவன் திட்டம். செய்தது என்ற கட்டத்தில் தினம் ஆறு முட்டை, மூன்று வாழைப்பழம் என்று எழுதியிருந்தான். ஏறியது முன்னூறு கிராம்.

"அது முட்ட வெயிட்டுடா," என்றான் பின்னாலிருந்து யஸ்வந்த். "வவுத்துலயே கீது. நாளிக்கி காலைல எறங்கிடும்."

கூடம் சிரித்தது. கலைவாணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அடுத்து கௌசிகா. பத்தாவது முடித்த பெண். நாலு பேர் முன்னால் ஐந்து நிமிடம் பேசுவது அவள் திட்டம். மூன்று சனிக்கிழமையாக எழுந்து நின்று, தாளைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் எழுந்தாள். வெகுநேரம் நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை, கலைவாணி அப்படிப் பழக்கியிருந்தாள்.

"ஆன்ட்டி, எனுக்கு ஒரு சாயம் பண்ணுங்க," என்றாள் கௌசிகா. "இவங்கள எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்லுங்க. மூஞ்சப் பாத்தா எனுக்குப் பேச்சி வரல."

நல்ல யோசனை என்று சொல்லி, எல்லாரையும் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னாள் கலைவாணி. பதிமூன்று முதுகுகள் தெரிந்தன. கௌசிகா பேசத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு தடையில்லாமல். மாங்காய்க் கூழ் ஃபாக்டரியில் வேலை செய்யும் தன் அம்மாவைப் பற்றி, கையெல்லாம் வெந்துபோவதைப் பற்றி. மூன்று வாரம் காத்திருந்த பேச்சு அது.

அதில் ஒரு வார்த்தைகூட கலைவாணியின் காதில் விழவில்லை.

எனுக்கு ஒரு சாயம் பண்ணுங்க.

இந்த ஊரில் அவள் தினம் கேட்கிற வார்த்தை. காய்கறிக்காரி கூடையை இறக்கச் சொல்லும்போது, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போடச் சொல்லும்போது. தெலுங்கில் சாயம் என்றால் உதவி. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் வாயிலும் அது அப்படியே கலந்து வரும். அவள் வீட்டிலும் வரும். ஹரிப்ரியாவுக்குச் சின்ன வயதில் சட்டைப் பொத்தான் மாட்ட வராதபோது, 'சாயம் பண்ணும்மா' என்றுதான் முன்னால் வந்து நிற்பாள்.

கலைவாணி கோப்பைத் திறந்தாள். மூன்று தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

உதவி வேணும்.

உதவி இன்னும் வரல.

இனிமே உதவி வேண்டாம்.

கௌசிகா பேசி முடித்திருந்தாள். யாரும் திரும்பவில்லை, திரும்பச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றியது. கடைசியில் தீனா மட்டும் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். எழுந்து மேசைக்கு வந்தான். தாள்களைப் பார்த்தான்.

"சாயம்னா கலரு இல்லடா," என்றாள் கலைவாணி.

அவனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் மெதுவாகத்தான் கேட்டான். "நமக்கு எழுதறதுக்கு அக்கா எதுக்கு தெலுங்கு வார்த்தையப் போடணும்?"

"அந்த வார்டனம்மா அரக்கோணம். அவங்களுக்குத் தெலுங்கு வராது. கலருன்னு நெனச்சி வுட்டுடுவாங்க. எனுக்குப் புரியும்னு எழுதிகீது."

வார்டனை ஏமாற்றுவதற்காக மகள் தேடிப் பிடித்த வார்த்தை. வார்டன் படித்த மாதிரியே அம்மாவும் படித்திருக்கிறாள்.

கூட்டம் முடிந்தது என்று சொன்னது யார் என்று அவளுக்கு நினைவில்லை. தீனாவாக இருக்கலாம். படியிறங்கும்போதே கோவிந்தம்மாளுக்குப் போன் போட்டாள். மூன்றாவது முறை எடுத்தார். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஸ்டடி ஹாலில் இருக்கிறது. தலைவலி என்று இந்த வாரம் தாள் மட்டும் கொடுக்கவில்லை. நாளைக்குத்தான் வரப்போகிறீர்களே, நேரிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

நல்ல செய்திதான். கலைவாணிக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை.

மணிவேல் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். உள்ளே போகும்போது கைபேசியை வாசலில் கொடுத்துவிட வேண்டும். நான்கு மணி வரை கிடைக்க மாட்டான். வெளியே வந்ததும் கூப்பிடு என்று மட்டும் செய்தி அனுப்பினாள். தீனா கூடவே வருவேன் என்றான். வீட்டில் இரு, நைனா கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டும் என்று நிறுத்தினாள். உண்மையில், அங்கே என்ன பார்க்கப்போகிறோமோ, அதை அவன் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

ஒரு மணிக்குத் திருப்பதி பஸ் கிடைத்தது.

ஜன்னல் வழியாக அனல் அடித்தது. காணிப்பாக்கம் கிராஸில் தரிசனம் முடித்த ஒரு குடும்பம் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கேட்காமலேயே ஒரு துண்டு பிரசாதத்தைக் கலைவாணியின் கையில் வைத்தாள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டாள். மகளை என்றாள் கலைவாணி. என்ன படிக்கிறாள் என்று அடுத்த கேள்வி வந்தது. கலைவாணி பிரசாதத்தைக் கைக்குட்டையில் மடித்து வைத்தாள். அந்த அம்மாள் ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் பேரனின் முகத்தைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

எதற்கு உதவி? யாரிடமிருந்து? பாகாலா வரை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நினைக்கக் கூடாததையும் நினைத்தாள். விடுதி மொட்டை மாடிக்குக் கம்பி போட்டிருக்கிறார்களா என்று சேர்க்கும்போது பார்த்தோமா? பார்க்கவில்லை. சமையலறை பார்த்தாள், கழிப்பறை பார்த்தாள், அந்தத் தாளைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு ஆறுதல், கூட ரேஷ்மா இருக்கிறாள். நாகபூஷணத்தின் மகள். இரண்டும் ஒரே அறை. அந்த மனுஷன் பெண்ணை விடுதிக்கு அனுப்பவே மாட்டேன் என்றவர். கலைவாணிதான் மூன்று தடவை நகரிக்குப் போய்ப் பேசினாள். என் பெண்ணும்தானே அண்ணா போகிறது, ஒன்றுக்கு ஒன்று துணை, வாரம் தவறாமல் தாள் வரும், கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று சொன்னாள். அவர் மனைவி ரத்னம்மா அதற்குப் பிறகுதான் பெட்டி கட்டினாள்.

விடுதி வாசலில் மூன்று மணிக்கு இறங்கினாள். எதிரெதிராக நாலு மாடிக் கட்டடங்கள் இரண்டு, ஏ பிளாக், பி பிளாக். நடுவில் ரோடு. காவலாள் உள்ளே விடவில்லை. கோவிந்தம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஈரத் துண்டு, கையில் சாவிக்கொத்து.

"நாளிக்கித்தானம்மா பாக்கறது. இன்னிக்கி வுட்டா என் வேல போயிடும்."

கலைவாணி வாதாடவில்லை. நின்றாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. நகரவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கோவிந்தம்மாள் சாவிக்கொத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். காவலாளைப் பார்த்தார். அந்த நிற்பில் ஏதோ அவரைத் தொந்தரவு செய்திருக்க வேண்டும்.

"பத்து நிமிசம்," என்று கேட்டைத் திறந்தார்.

மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஹரிப்ரியா இறங்கி வந்தாள். கை, கால், முகம் எல்லாம் முழுதாக இருக்கிறதா என்று கலைவாணியின் கண்கள் தானாகப் போய் வந்தன. இருந்தது. இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவ்வளவுதான்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் கலருன்னு நெனச்சிட்டேன்," என்றாள் கலைவாணி.

"தெரியும். பார்சலப் பிரிச்சப்பவே தெரிஞ்சிடுச்சி."

"வேற மாரி எழுதியிருக்கக் கூடாதா?"

"அதுல பொருள்தானம்மா எழுதணும். வயித்துவலின்னு ஒரு பொண்ணு எழுதுச்சி, கருப்பு ஸ்கெட்ச்சால அடிச்சிட்டாங்க. பொருள் மாரியும் இருக்கணும், உனுக்கு மட்டும் புரியவும் புரியணும். ராவெல்லாம் யோசிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "திரும்பியும் எழுதனேன். நீ பொய் பழகாதன்னு எழுதன. அப்பால இன்னா எழுதறது?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கலைவாணி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை.

"யாராவது எதனா செஞ்சாங்களா?"

"எனுக்கு ஒண்ணியும் ஆவல."

"பின்ன?"

ஹரிப்ரியா மாடிப்படியைப் பார்த்தாள். கோவிந்தம்மாள் தூரத்தில் கேட்டருகே நின்றிருந்தார்.

"ரேஷ்மா இங்க இல்லம்மா."

எதிர்க் கட்டடத்திலா என்று கேட்டாள் கலைவாணி. ஹரிப்ரியா தலையசைத்தாள். அங்கும் இல்லை.

பிறகு சொன்னாள். மெதுவாக, ஏற்கெனவே பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததைப் போல.

முதல் வாரம் வியாழக்கிழமை, பி பிளாக்குக்கு மாற வேண்டும் என்று ரேஷ்மா எழுதிக் கொடுத்தாள். அனுமதியும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கேட்டை விட்டு வெளியே போனாள். நடுவில் இருப்பது ஒரு ரோடு மட்டும். அந்தப் பக்கம் போகவில்லை. இங்கே இருக்கிறவர்கள் அவள் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அவள் பேர் இன்னும் பட்டியலில் ஏறவே இல்லை. சூளூர்பேட்டையில் ஒரு அக்காவைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் வந்துவிடுவேன், அதுவரை என் தாளை நீ எழுதிப் போடு என்று ஹரிப்ரியாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனவள்.

"அவளுக்கு சூளூர்பேட்டையில அக்கா ஏது?"

"நானும் அத்தத்தான் கேட்டேன். சிரிச்சா."

இரண்டு நாள் நான்காகி, ஒரு வாரமாகி, மூன்று வாரமாகிவிட்டது. இரண்டு பிளாக்கிலும் தமிழ்ப் பிள்ளைகளின் தாள்கள் ஒரே பெட்டிக்குத்தான் வரும். கோவிந்தம்மாள் ஆளை எண்ணுவதில்லை, தாளை எண்ணுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹரிப்ரியா இரண்டு தாள் எழுதினாள். ஒன்று தன் எழுத்தில், ஒன்று ரேஷ்மாவின் எழுத்து மாதிரி. ரேஷ்மா முடித்த பாடங்கள். ரேஷ்மா வாங்கிய மார்க்குகள். நான்காவது கட்டத்தில் நோட்டு ரெண்டு, தேங்காய் எண்ணெய். நகரியிலிருந்து அவை வந்தன, அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று ஹரிப்ரியாவே வாங்கிக்கொண்டாள். ரத்னம்மா கூடவே முறுக்கும் சுட்டு அனுப்பியிருந்தாள்.

"எல்லாம் என் கட்டிலுக்கு அடியிலதான் கீது. துன்னவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. ராவானா அந்த முறுக்கு வாசன வருது."

மூன்று வாரம். ஒரு பதினாறு வயதுப் பெண் மூன்று வாரமாக எங்கே என்று தெரியாமல் இருக்கிறாள். அவளைப் பெற்றவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து நிம்மதியாகத் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிம்மதியைக் கொடுத்தது அவள் போட்ட நான்கு கட்டம்.

"இந்த வாரம் ரெண்டு தாளும் எழுதல," என்றாள் ஹரிப்ரியா. "நாளிக்கி நாகபூஷணம் பெரிப்பா வந்தா எப்பிடியும் தெரிஞ்சிடும். அதுக்குள்ள நீயா வருவியான்னு பாத்தேன்."

கலைவாணி எழுந்தாள். நாகபூஷணத்திடம் இப்போதே சொல்ல வேண்டும். பிறகு போலீஸ். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மட்டும் தெரியவில்லை. ஹரிப்ரியா அவள் முந்தானையைப் பிடித்தாள். தடுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டாள்.

எண்ணைத் தேடும் முன்பே கைபேசி அடித்தது. நாகபூஷணம்தான்.

பின்னால் தறிகள் ஓடும் சத்தம். அவர் கத்திப் பேசினார். சந்தோஷத்திலும் கத்தினார்.

"தங்கச்சி, புள்ள தாளு வந்துச்சா உனுக்கு? எனுக்குப் பன்னண்டு மணிக்கே வந்துடுச்சி. ரேஷ்மா டெஸ்டுல நாலாவதா வந்துகீதாம். பக்கத்து வூட்டுப் பையன் படிச்சிக் காட்னான்."

கலைவாணி கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"கேக்குதா? நாளிக்கி நாங்க வரல தங்கச்சி. யாரும் வரவேணாம், திங்கக்கெழம பெரிய டெஸ்டு கீதுன்னு புள்ளயே எழுதிகீது. ரத்னம்மாதான் அழுவறா. நான் சொன்னேன், வுடுடி, புள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சின்னு. எல்லாம் உன்னாலதான். தாள உனுக்குப் போட்டுவுடறேன், நீயும் பாரு."

"அண்ணா," என்றாள் கலைவாணி.

தறிச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கோபம் அவளுக்கே தெரிந்தது.

"இன்னிக்கும் எழுதிப் போட்டியா?"

"இல்ல."

"ஹரி. இதுக்கு மேல மறைக்காத."

"சாமி சத்தியமா இல்லம்மா. நான் எழுதல."

கைபேசி ஒலித்தது. படம் வந்திருந்தது. கலைவாணி திறந்தாள். தான் அச்சடித்த நான்கு கட்டங்கள். மேலே ரேஷ்மா, பி பிளாக் என்று பேர். இன்றைய தேதி. சாய்வில்லாத, நிதானமான நீல மை எழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. கடைசிக் கட்டத்தில், பொருளை மட்டும் எழுதவும் என்ற வரிக்கு மேலே, யாரும் வர வேண்டாம் என்று இருந்தது. அதைக் கருப்பு மையால் யாரும் அடிக்கவில்லை.

ஹரிப்ரியா கைபேசியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். எழுத்துகளைப் பெரிதாக்கினாள். ரேஷ்மாவின் எழுத்தை மூன்று வாரம் பழகியவள் அவள். ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும்.

"ரேஷ்மாவா?" என்றாள் கலைவாணி. கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று இருந்தது. அப்படியானால் அந்தப் பெண் உயிரோடு, எங்கோ பக்கத்தில் இருக்கிறாள்.

ஹரிப்ரியா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"அவ எழுத்து இல்ல. நான் நிறுத்தனதும் வேற யாரோ அவ மாரி எழுதறாங்க."

பெட்டி இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. வெளியாள் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது.

மாலை டீக்கான மணி அடித்தது. மேலே கதவுகள் திறந்தன. படிகளில் செருப்புச் சத்தம் நிறைந்தது. பெண்பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் டியூட்டி டீச்சர்கள், சமையல்காரர்கள், கூட்டுகிறவர்கள் என்று எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டருகே கோவிந்தம்மாள் பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று சைகை காட்டினார்.

கலைவாணி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இறங்கி வருகிறவர்களின் முகங்களைப் பார்க்கவில்லை. அவர்களின் வலது கைகளை, விரல்களை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.